ஏழு கடலை உரிக்கிற நேரம்

சாமி,

நேரில் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். கோயில் பங்குனி நோம்பிக்கு வந்திருந்தபோது பேச்சை எடுத்தேன். "கொறட்டை உடாத மனுசன் எங்கம்மா இருக்கறான், சும்மா இரு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். காகிதத்தை அப்படிச் சும்மா இருக்கச் சொல்ல முடியாது. லாரி ஆபீஸ் மேஜையில் இது உனக்காகக் கிடக்கும். லோடு இறக்கிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, நிதானமாக உட்கார்ந்து படி. படித்த பிறகு கோபப்படு. அதற்கு நான் தயார்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு உன்னைப் பம்பாய் லைனில் முதல் டிரைவராக ஏற்றுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். நல்லது, சந்தோசம். ஆனால் அதற்கு முன்னால் நீ சேலத்துக்குப் போய், உங்கப்பாவைப் பார்த்த அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உன் தொண்டையைக் காட்ட வேண்டும். காட்டாமல் ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது. இதில் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

நோம்பி அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்தாய். பக்கத்தில் நான் சித்திரைப் பட்டத்துக்கு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். விதைக்கடலையை எப்படி உரிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். மூக்கை அழுத்தி ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கிற சிவப்புத் தோல் சிராய்க்காமல் பருப்பை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் முளைக்காது. அதனால் என் கை ஒரே வேகத்தில்தான் போகும், முப்பது வருசமாக அப்படித்தான். நீ குறட்டை விட்டாய். நன்றாகச் சத்தமாக, கட்டில் சட்டம் அதிர விட்டாய். பிறகு சத்தம் நின்றது. நெஞ்சு மேலே தூக்குகிறது, வயிறு உள்ளே போகிறது, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. நான் உரித்தேன். ஒரு கடலை, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவதுக்குப் பிறகு நீ தொண்டையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்துப் புரண்டாய். ஒரு படி கடலை உரித்து முடிப்பதற்குள் அது எத்தனை தடவை நடந்தது என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அன்றைக்கு உரித்த விதையில் பாதி தோல் போய்விட்டது.

ஐந்து கடலை. உங்கப்பாவுக்கு ஏழு.

உங்கப்பா ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். அதனால்தான் நான் பார்த்தேன். மற்ற பெண்கள் புருசன் தூங்குவதை இருட்டில் காதால் மட்டும் கேட்கிறார்கள். நான் நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தவள். கல்யாணமான புதிதில் எனக்கும் அந்தக் குறட்டை பெருமையாகத்தான் இருந்தது. என் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று உங்கப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாராம். குறட்டை வாசல் வரை கேட்டதாம். "மனசுல கள்ளம் இருக்கறவன் இப்படித் தூங்கமாட்டான், பொண்ணைக் குடுக்கலாம்" என்று என் அப்பா அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். ஒரு மனிதனின் தொண்டை அடைப்பதைக் கேட்டு அவன் குணத்துக்குச் சான்று கொடுத்தார்கள். லாரி ஷெட்டிலும் அதே கதைதான். படுத்த உடனே குறட்டை விடுகிற டிரைவருக்குத் தனி மதிப்பு. அவன் நன்றாக உறங்கி எழுந்து அடுத்த லோடுக்குத் தயாராகிவிடுவான் என்று கணக்கு. படுத்த உடனே ஒருவன் செத்தவன் மாதிரி சாய்கிறான் என்றால் அவனுக்கு உறக்கம் பற்றவில்லை என்று அர்த்தம். இதை யோசிக்க ஒரு ஆளுக்கும் மூளை ஓடவில்லை.

நீ ஒன்றாவது படிக்கும்போதுதான் நான் அந்த நிற்கிற நேரத்தைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. கடலைதான் இருந்தது. ஏழு கடலை உரிக்கிற நேரம் மூச்சு இல்லை. சிலசமயம் ஒன்பது. உதடு கத்தரிக்காய் நிறமாகும். எழுந்தால் தலைவலி, வாய் வறட்சி, எரிச்சல். சோற்றில் கை வைத்தபடி கண் சொக்குவார். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவன் பாதிப் பேச்சில் இருப்பான், இவர் தலை தொங்கிவிடும். நான் உன் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டு சிரித்தார். "ஊட்டுக்காரன் ஒறங்கறதை வேலை மெனக்கெட்டு எண்ணிட்டு உக்காந்திருக்கறா பாரு. கடலை ஒழுங்கா உரிச்சயா, அதச் சொல்லு." பக்கத்து ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஏழு கடலை நேரம் மூச்சு நிற்கிறது என்றேன். கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான், சிரிப்பு தாங்காமல். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, நன்றாகத் தூங்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்ட அன்று பன்னிரண்டு கடலை ஆனது. மீதி மாத்திரையைக் கிணற்றில் போட்டேன்.

என் தப்பையும் சொல்கிறேன். களைப்பு என்று நினைத்து நாட்டுக்கோழி அடித்துப் போட்டேன், முட்டை கொடுத்தேன், நெய்யை அள்ளி ஊற்றினேன். உடம்பு தேறட்டும் என்று. தேறியது உடம்பு இல்லை, கழுத்து. சட்டையின் மேல் பித்தான் போட முடியாமல் போனது. நான் ஊற்றிய நெய் அவர் தொண்டையைச் சுற்றிக்கொண்டது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது அந்த விபத்து. உனக்கு எட்டு வயது. நீ பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து, மூன்று நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தாய். நீ கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். பட்டப்பகல். வழக்கமான ராத்திரி லோடு இல்லை, சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பகலில் போகிறார். நேரான ரோடு, எதிரில் வண்டி இல்லை. லாரி மெதுவாக, யாரோ வீட்டுக்குத் திரும்புவதுபோலத் திரும்பி, ஒரு மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி, நாலு வரிசையைச் சாய்த்துவிட்டுக் கிணற்று மேட்டில் முட்டி நின்றது. ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை. ஆட்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், உங்கப்பா ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். வண்டி நின்ற பிறகும் குறட்டை நிற்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? "போதையில கெடக்கறான்" என்றார்கள். ஒருவன் சொன்னான், ஊர் முழுக்கச் சொன்னது. ஒருத்தனும் குனிந்து அவர் வாயை மோந்து பார்க்கவில்லை. அப்போதைய லாரி முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் உங்கப்பாவுக்கு எந்த வண்டியும் கிடைக்கவில்லை.

உங்கப்பா குடிக்கமாட்டார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இதை நான் உன்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாய். ஆனால் நம்பவில்லை. எனக்குத் தெரியும். பெற்றவள் புருசனை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாய். போன வருசம் உன் கூட்டாளி ஒருவனிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கப்பன் குடிச்சு வண்டியை உட்டவரு. நான் அந்தச் சனியனைத் தொடமாட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகாது." அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன், சாமி. குடிக்காதவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். குடிக்காத மனிதருக்குத்தான் ஆனது. ஊர் சொன்ன பொய்யை நம்பியதால் உனக்கு உன் அப்பாமேல் மரியாதை போனது. அது உங்களுக்குள். ஆனால் அதே பொய்யை நம்பி நீ பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால், எதிரில் வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் என்ன பாவம் பண்ணினார்கள்? எல்லா ரோட்டோரத்திலும் மரவள்ளிக் காடு இருக்காது.

விபத்துக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. நாமக்கல் நூலகத்துக்குப் போய் உடம்பைப் பற்றித் தமிழில் இருந்த புத்தகத்தை எல்லாம் எடுத்துப் படித்தேன். நான் ஐந்தாவது வரை போனவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் விடாமல் படிப்பேன். கல்லீரலுக்குப் பத்துப் பக்கம், காதுக் குறும்பிக்கு ஒரு பக்கம், குறட்டைக்கு ஒரு வரி இல்லை. பிறகு சேலத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அந்தத் தொண்டை டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, உங்கப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். "கொறட்டைக்கு டாக்டரா, ஊரு சிரிக்கும்டி" என்றார். "ஏற்கெனவே சிரிச்சுட்டுத்தான் இருக்குது, வாங்க" என்றேன்.

அங்கேயும் ஏழு கடலை என்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அந்த டாக்டர் சிரிக்கவில்லை. "கடலை இருக்குதாம்மா?" என்றார். என் பையில் இருந்தது. "உரிங்க" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு உரித்து முடித்ததும் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது செகண்டுக்கு மேல ஆகுதும்மா. பத்து செகண்டு நின்னாலே நாங்க அதை வியாதின்னு எழுதுவோம். எத்தனை வருசமா எண்ணறீங்க?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அழவில்லை. வியாதிக்குப் பெயர் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அந்தச் சீட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அவர் சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பதினாலு வயதில் நீ ஒரு காரியம் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மோட்டாரில் கிணற்றுப் பக்கம் இழுக்கிற குழாய் உடைந்துபோனது என்று, தண்ணீர் வெளியே போகிற பக்கத்து மெத்தென்ற ஓஸ் குழாயை எடுத்து அங்கே மாட்டினாய். மோட்டாரைப் போட்டதும் என்ன ஆனது? ஓஸ் படபடவென்று அடித்தது. பிறகு உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. மோட்டார் எவ்வளவு இழுத்ததோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டியது. இழுக்கிற பக்கம் கெட்டிக் குழாய்தான் வேண்டும். மனிதனின் தொண்டை இழுக்கிற பக்கத்தில் இருக்கிற மெத்தென்ற ஓஸ். விழித்திருக்கும்போது தசை அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். உறங்கினால் தசை தளரும். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரியும். கழுத்தில் கொழுப்பு இருந்தால் வெளியிலிருந்தும் அழுத்தும். ஓஸ் படபடக்கிறதே, அதுதான் குறட்டை. ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் வியாதி. எல்லோரும் சத்தத்துக்குத்தான் திட்டுகிறார்கள். நின்றால் "அப்பாடா" என்று திரும்பிப் படுக்கிறார்கள். சத்தம் வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது அந்த அமைதிக்குத்தான்.

ஒட்டிய ஓஸ் எப்படித் திறக்கிறது? மூச்சுக்குத் தவித்து உடம்பு விழித்துக்கொள்கிறது. முழு விழிப்பு இல்லை, ஒரு இமைப்பொழுது. தசை இறுகும், காற்று பாயும், மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. தூங்கினவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேனே என்பான். அவன் எட்டு மணி நேரம் கழுத்தை நெரித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அப்படிப்பட்டவனுக்குப் பட்டப்பகலில், நேரான ரோட்டில், எஞ்சின் ஒரே சீராக ஓடும்போது கண் தானாக மூடும். கண் விழிக்க டிரைவர்கள் நாடுகிற வெற்றிலையோ பீடியோ எலுமிச்சம்பழமோ அதை நிறுத்தாது.

டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். மல்லாந்து படுக்கக் கூடாது என்றார். வெளிநாட்டில் மூக்கு வழியாகக் காற்றை ஊதி ஓஸ் ஒட்டாமல் பிடிக்கிற மெஷின் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களாம், நம் பக்கம் வர நாளாகும் என்றார். நான் நெய்யை நிறுத்தினேன். ராகிக் களியும் கீரையும்தான். மல்லாந்து படுக்காமல் இருக்க ஒரு வழி செய்தேன். அது உனக்குத் தெரியாது. உன்னுடைய சிவப்பு ரப்பர் பந்து காணாமல் போனதே, பக்கத்துக் காட்டுப் பையன் திருடிவிட்டான் என்று அவனை அடித்துவிட்டு வந்தாயே, அதை எடுத்தது நான்தான். உங்கப்பாவின் பனியனில் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, அந்தப் பந்தை உள்ளே வைத்து மூடினேன். மல்லாந்தால் குத்தும், தானாக ஒருக்களிப்பார். ஏழு கடலை மூன்றாகக் குறைந்தது. பல வருசத்துக்குப் பிறகு அவர் சாப்பிடும்போது என்னோடு பேசினார். அந்தப் பையனிடம் நீ இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும்போது கேட்டுவிடு.

இனி எழுதுவதை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேசம் ஒன்றில் உன் பெரியப்பா உங்கப்பா முதுகில் கை போட்டவர், பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, முதுகுல முட்டை போட்டு அடைகாக்கறயா?" என்று பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடுத்த முறை அதே வீட்டில் காதுகுத்து. கிளம்பும்போது நானே சொன்னேன். "இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பனியன் வேண்டாமுங்க." அவர் கழற்றிக் கொடியில் போட்டார். கறிச்சோறு தின்றுவிட்டு ஆண்களோடு பந்தல் நிழலில் மல்லாந்து படுத்தார். நான் உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தேன். டீ வந்தபோது எழுப்பப் போனார்கள். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுதான் நின்றுவிட்டது, அன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் நடந்திருக்கும் என்று அந்தச் சேலத்து டாக்டர் எனக்குச் சமாதானம் சொன்னார். நல்ல மனிதர். அதை மட்டும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பாடை கட்டும்போது உன் பெரியப்பா, "கடைசியில குடி கொண்டுபோயிருச்சு" என்றார். அன்றைக்கு நான் அவரைப் பேசிய பேச்சைத்தான் ஊரே இன்னும் சொல்கிறது. பேசியதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கமாட்டேன். உன் பெரியப்பா வாசலை இன்றுவரை மிதிக்கவில்லை, உன் கல்யாணத்துக்கு அழைக்கவும் நான் போகமாட்டேன். நீ வேண்டுமானால் போய்க்கொள்.

ஊர் சிரிக்கும் என்று ஒரே ஒரு நாள் நினைத்தேன். அதற்கு நான் கொடுத்தது அவ்வளவு. இனி நினைக்கமாட்டேன். ஆகவே, நீ கோபப்படப்போகிற விஷயத்தை இப்போது சொல்கிறேன். கல்யாணச் சட்டைக்கு உன் கழுத்தை அளந்த டெய்லர், டேப்பை இரண்டாம் முறை பார்த்தான், நான் கவனித்தேன். மறுநாளே பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போனேன். பெண் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, இதில் எழுதியதை எல்லாம் சொன்னேன். ஐந்து கடலையையும் சொன்னேன். "கல்யாணம் நின்னுபோயிரும்மா" என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. நிற்பதானால் நிற்கட்டும். கட்டிக்கொள்கிறவளுக்குத் தெரியாமல் கட்டிவைக்க நான் என் அப்பா இல்லை.

உன் மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கா வெயில்ல வந்தீங்க சம்பந்தியம்மா? நான் உடற கொறட்டைக்கு எருமை கவுத்தை அறுத்துட்டு ஓடும்."

"எருமை ஓடறது இருக்கட்டுமுங்க. நடுவுல நிக்குதா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. உன் மாமியார் அவரை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டிலும் யாரோ எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குனிந்த தலை இல்லை, நேராகத்தான் பார்த்தாள். நான் பேசி முடித்ததும் கேட்டாள். "ஏனுங்கத்தை, எத்தனை கடலைக்கு எழுப்போணும்?"

சாமி, இத்தனை வருசத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "மூணு" என்றேன். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, விதைக்கடலை உரிக்கிற வேகத்தைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு கைப்பிடிக் கடலை உரிப்பதற்குள் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள்.

வருகிற வியாழக்கிழமை காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருப்பேன். டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் நேராக உன் முதலாளி முன்னால் போய் உட்காருவேன், என் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ பயப்பட வேண்டியது எனக்கு இல்லை. அன்றைக்குப் பஸ் வந்ததும் அந்தப் பெண் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாள். "டாக்டரைப் பாத்துட்டு வரச் சொல்லுங்கத்தை. பாக்காம வந்து மணவறையில உக்காந்தாருன்னா, தாலிக்குத் தலையைக் குனியமாட்டேன். அத்தனை சனத்துக்கு முன்னால உக்காந்து கடலை உரிச்சுட்டு இருப்பேன்னு சொல்லுங்க."

செய்வாள். நான் கொடுத்துவிட்டு வந்த ஒரு படிக் கடலை அவளிடம் இருக்கிறது.

உன் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிற,
அம்மா